தயாரித்தவர்

நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். அண்ணன் அப்படிக் கூப்பிடுவான், அண்ணியும் அப்படியே கூப்பிடுவாள், அண்ணன் பிள்ளைகள்கூடப் பாப்பா அத்தை என்பார்கள். சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அவள் டெண்டரக்கா. பிறந்தபோது வைத்த பெயர் ஒன்றும் இருக்கத்தான் செய்தது, பாவம், அதை யாரும் தொடுவதில்லை. அது வெளியே தெரிவது ஒரே ஓர் இடத்தில்தான். பெரிய மருத்துவமனைக்குப் போகிற டெண்டரின் கடைசிப் பக்கத்தில், 'தயாரித்தவர்' என்று போட்டு அதற்கு நேரே இருக்கும்.

அந்த ஒரு வரிக்காக அவள் அண்ணனோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள். "முதலாளி கையெழுத்துதான் இருக்கே, நடுவுல உன் பேரு எதுக்கு?" என்று கேட்டான் அவன். "போடலைன்னா நீயே எழுதிக்கோ" என்றாள். அவன் எழுதுவதாவது! கடைக்குச் சாமான் சீட்டு எழுதினாலே ரெண்டு பிழை விடுகிற ஆள். மறுபேச்சுப் பேசாமல் வரியைப் போடச் சொல்லிவிட்டான்.

சலவைக்கூடம் அண்ணனுடையது. மருத்துவமனையின் பின்வாசல் வழியாக அழுக்குப் போர்வை, தலையணை உறை, அறுவை அறையின் பச்சைத் துணி எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து சேரும். துவைத்து, கொதிநீரில் போட்டு எடுத்து, இஸ்திரி போட்டு, அதே பின்வாசல் வழியாகத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சில வருஷங்களுக்கு ஒருமுறை மருத்துவமனை புதிதாக டெண்டர் கேட்கும். இந்த வேலையை நீங்கள் எப்படிச் செய்வீர்கள், எழுதிக் கொடுங்கள் என்று. எல்லாச் சலவைக்காரர்களும் அடித்துப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அந்த வேலை கைவிட்டுப் போனால் கூடத்தில் பாதிப் பேர் வீட்டைப் பார்க்கப் போக வேண்டியதுதான். இதுவரை போகவில்லை. காரணம் பாப்பா.

மற்றவர்கள் எல்லாம் 'உலகத் தரம்', 'ஒப்பற்ற சேவை' என்று அளந்து விடுவார்கள். இவளோ முதலில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். துணிவண்டியோடு பின்வாசலில் நுழைந்து ஒவ்வொரு வார்டாக நடப்பாள். எந்த லிப்டைச் சாப்பாட்டு வண்டி எப்போது பிடித்துக்கொள்ளும், எந்தக் கதவு இடிக்கும், எந்த நர்ஸம்மா எதற்குக் கத்துவார், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்துதான் எழுத உட்காருவாள். 'மழை பெய்தால் பின்வாசலில் தண்ணீர் நிற்கும். அன்று துணியை வண்டியில் வைக்க மாட்டோம். தோளில் சுமப்போம்.' அவள் எழுத்து இப்படித்தான் இருக்கும். கஷ்டத்தை மறைக்காமல் சொல்லுவாள், அதற்கு என்ன செய்வோம் என்று சொல்லுவாள், அதோடு வாயை மூடிக்கொள்வாள். 'எப்படிச் செய்வோம்' என்ற அந்தப் பகுதிக்குத்தான் மருத்துவமனையில் மார்க் அதிகம்.

இந்தத் தடவை டெண்டர் வருவதற்கு முன்னாலேயே டைக்காரர் வந்துவிட்டார். வெயில் மண்டையைப் பிளந்தாலும் கழுத்தில் டை, கையில் லேப்டாப், வாயைத் திறந்தால் தேன். டெண்டர் எழுத உதவுகிற செயற்கை நுண்ணறிவு ஒன்றை அவர் விற்கிறார். நாம் கேட்டால் போதுமாம், அது பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிவிடுமாம். அண்ணன் பிளந்த வாயை மூடவில்லை.

பாப்பா அதற்கு எதிரி இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மருத்துவமனை அனுப்புகிற நிபந்தனைகள் ஒரு மூட்டை வரும். படித்து முடிப்பதற்குள் கண் பூத்துவிடும். இந்தக் கருவி அதை ஒரு வாய் காப்பி குடிப்பதற்குள் படித்துவிட்டு, 'தீயணைப்புச் சான்றிதழை நீங்கள் இணைக்கவில்லை' என்றது. அட, உண்மைதான்! அன்றைக்கே அவளுக்கு அதன்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. ஆனால் அதை எழுதச் சொன்னால் கதையே வேறு. 'எங்களிடம் நவீன வாகனங்களின் பெரும் அணி உள்ளது' என்று எழுதிவிட்டு அப்பாவி மாதிரி நிற்கும். இருப்பதோ ரெண்டு வேன். அதில் ஒன்று ஏற்றத்தில் இருமும்.

"புது மருமக மாதிரி இருக்கு அண்ணா இது. சொன்னதையும் செய்யுது, சொல்லாததையும் செய்யுது" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "நிபந்தனையைப் படிக்கட்டும், சான்றிதழைச் சரிபார்க்கட்டும். 'எப்படிச் செய்வோம்' என் கையாலதான். பழைய டெண்டர் எதையும் அதுக்குக் குடுக்கக் கூடாது. உள்ள போனது வெளிய எங்க வரும்னு யாருக்குத் தெரியும்?"

"உன்மேல சத்தியம் பாப்பா. நீ சொன்னதுதான்" என்று அண்ணன் அவள் தலையில் கை வைத்தான். அவளுக்கு அது போதும். அண்ணன் வார்த்தைக்கு மேல் அவளுக்கு வேறு ரசீது எதுவும் வேண்டியதில்லை. அந்தப் பகுதியைத் தன் கம்ப்யூட்டரில் தனியாக எழுதி, பழைய டெண்டர்களோடு சேர்த்துப் பூட்டி வைத்தாள். அதைத் திறக்கிற கடவுச்சொல் அவளுக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

டெண்டர் போட்டுச் சில நாள் கழித்து மருத்துவமனையின் கொள்முதல் அதிகாரி கூப்பிட்டார். எதற்கும் குரலை உயர்த்தாத அம்மாள். "ஒரு சின்னச் சந்தேகம். எழுதினவங்களே நேர்ல வந்தா நல்லாயிருக்கும்" என்றார்.

எழுதினவங்களே! பாப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. இருப்பதில் நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, அண்ணியிடம் ரெண்டு தடவை முதுகைக் காட்டி மடிப்புச் சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"உங்க டெண்டர்ல குளிர் வராந்தான்னு ஒரு இடம் வருதே, எது அது?" என்று கேட்டார் அதிகாரி.

பாப்பா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்யோ, அதை அப்படியேவா எழுதிட்டேன்? மன்னிச்சுக்கோங்க மேடம். அறுவை அறைக்குப் பின்னால ஒரு நீள வராந்தா போகுதுல்ல, ஏசி மெஷினெல்லாம் வச்சிருக்கிற ரூமை ஒட்டி? அங்க எப்பவும் சில்லுன்னு இருக்கும். எங்க வண்டி தள்ளுறவங்க வச்ச பேரு. கேட்டுக் கேட்டு எனக்கும் அதான் அதோட பேருன்னு ஆயிடுச்சு. எத்தனை தடவை படிச்சேன், கண்ணுலயே படலை பாருங்க."

"இங்க யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லையே."

"கேட்டிருக்க மாட்டீங்க. எங்க கூடத்தைத் தாண்டினா அந்தப் பேரு யாருக்குமே தெரியாது மேடம்" என்றாள் பாப்பா. பெருமையாக வேறு சொன்னாள்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். அதிகாரி மேஜைக்குள்ளிருந்து வேறொரு டெண்டரை எடுத்தார். மேலே இருந்த கம்பெனிப் பெயரை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு அவள் பக்கம் திருப்பினார். 'பச்சைத் துணி குளிர் வராந்தா வழியாகப் போகும். மற்றத் துணியோடு சேராது.' அதற்குக் கீழே, 'மழை பெய்தால் பின்வாசலில் தண்ணீர் நிற்கும்.' அதற்கும் கீழே தோளில் சுமந்துகொண்டிருந்தார்கள்.

பாப்பா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். தன் வீட்டுத் துணி அடுத்த வீட்டுக் கொடியில் காய்வதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

"நான் உங்களைக் குத்தம் சொல்லலைம்மா, விதியைச் சொல்றேன்" என்றார் அதிகாரி. "ரெண்டு கம்பெனி டெண்டரைப் பகிர்ந்துக்கிட்டா ரெண்டையும் தள்ளிடுவோம். பல வருஷத்துக்கு உள்ள வர முடியாது. முதலாளிக்குத் தெரியாம ஊழியர் யாராவது வெளிய குடுத்திருந்தா கம்பெனி தப்பிக்கும். ஆனா அந்த ஊழியர் பேரைத் தடைப் பட்டியல்ல போட்டு எல்லா இடத்துக்கும் அனுப்பிடுவோம். அப்புறம் அவங்க கை பட்ட டெண்டரை எங்கயும் வாங்க மாட்டாங்க. வெள்ளிக்கிழமை விசாரணை. அதுக்குள்ள எப்படி வெளிய போச்சுன்னு கண்டுபிடிங்க."

கூடத்துக்கு வந்து சொன்னதும் அண்ணன் ருத்ர தாண்டவம் ஆடினான். மேஜையைத் தட்டினான். "எவன்டா அவன் வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே குழி பறிக்கிறது? கையில கிடைச்சான்னா தொலைச்சிடுவேன்!" நாற்காலியைக்கூட ஓர் உதை விட்டான். பாப்பா அதைப் பார்த்து, தனக்கு வராத கோபமெல்லாம் அண்ணனுக்கு வருகிறதே என்று மனசுக்குள் உருகினாள்.

சந்தேகம் என்று வந்துவிட்டால் மனுஷருக்குக் கண் தெரியாது. இஸ்திரிக்காரரின் மச்சான் போட்டிக்கு நிற்கிற சலவைக் கம்பெனி ஒன்றில் வேன் ஓட்டுகிறான். அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம், இத்தனை நாள் யாருக்கும் உறுத்தாத விஷயம். பாப்பா அவரைக் கூப்பிட்டு, அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாள்.

அவர் முதலில் சிரித்தார், வேடிக்கையாகக் கேட்கிறாள் என்று. வேடிக்கை இல்லை என்று தெரிந்ததும் முகம் செத்துவிட்டது. "டெண்டரக்கா, அந்தக் கம்ப்யூட்டர் இருக்கிற ரூமுக்குள்ள நான் காலெடுத்துக்கூட வச்சதில்லையே. என்னையா கேக்குறீங்க?" என்றார். அதற்குப் பிறகு அவர் அவளிடம் பேசவில்லை. அவள் அந்தப் பக்கம் போனால் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அண்ணன் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான்.

வியாழக்கிழமை மத்தியானம் பாப்பா விளக்கம் எழுத உட்கார்ந்தாள். எழுத என்ன இருக்கிறது? விதி என்ன சொல்கிறது என்று பார்க்கலாமே என்று லேப்டாப்பில் அந்தக் கருவியைத் திறந்தாள். அது விதியை அழகாகப் பிரித்துச் சொன்னது. பிறகு அவளுக்கே ஏனென்று தெரியாமல், 'மருத்துவமனைக்குத் துணி கொண்டுபோவது பற்றி ஒரு பத்தி எழுது' என்று கேட்டாள். அந்தப் பகுதியிலிருந்து ஒரு சொல்லைக்கூட அவள் அதனிடம் கொடுத்ததில்லை. உலகத் தரம், ஒப்பற்ற சேவை என்று எதையாவது உளறும், கொஞ்சம் சிரிக்கலாம் என்றுதான் இருந்தாள்.

அது உளறவில்லை. 'மழை பெய்தால் பின்வாசலில் தண்ணீர் நிற்கும்' என்று ஆரம்பித்தது. குளிர் வராந்தா வழியாக நடந்தது. அவள் எங்கே நிறுத்துவாளோ அங்கே நிறுத்தியது.

கடவுச்சொல் தெரிந்தவர்கள் ரெண்டே பேர். ஒருத்தி இங்கே உட்கார்ந்திருக்கிறாள். மனசு அதற்குமேல் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது, புத்தி போய்விட்டது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டுபோய் அண்ணன் மேஜையில் வைத்தாள். அவன் படித்தான். பக்கத்து அறையில் துவைக்கும் இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன.

"நீதானே?"

"பாப்பா, முதல்ல உக்காரு."

"நீதானே அண்ணா?"

"எல்லாத்தையும் குடுத்தா நம்ம பாணியிலேயே எழுதக் கத்துக்கும்னான். தனியா வச்சிருப்பேன், நமக்கு மட்டும்தான்னு சொன்னான் அந்த டைக்காரன். அவன் ஊர் முழுக்க விக்கிறான்னு எனக்கென்ன தெரியும்? எல்லாருக்கும் ஒரே தொட்டித் தண்ணின்னு எனக்கென்ன தெரியும்?"

"என் தலையில கை வச்சு சத்தியம் பண்ணியே."

அண்ணன் தலையைச் சொறிந்தான். "நீ ஒத்துக்க மாட்டேன்னுதான் சொல்லலை. யோசிச்சுப் பாரு. நாளைக்கு உனக்கு உடம்புக்கு ஒண்ணுன்னா? இல்ல, என்கூடக் கோச்சுக்கிட்டு எங்கயாவது போயிட்டேன்னா? நான் யாரை வச்சு எழுதுறது? ஒரு முன்னேற்பாடு வேணாமா?"

அடப்பாவி. பாப்பாவுக்கு அதுதான் முதலில் சுட்டது. அவள் அவனுக்காக நடந்து நடந்து எழுதிக்கொண்டிருந்தபோது, அவள் இல்லாமல் போனாலும் நடக்கிற மாதிரி அவன் ஏற்பாடு செய்துகொண்டிருந்திருக்கிறான்.

"இஸ்திரிக்காரரை நான் அந்தக் கேள்வி கேக்கும்போது நீ பக்கத்துலதானே நின்ன? வாயில என்ன வச்சிருந்த? நான் ஒரு நல்ல மனுஷனைத் திருடன்னு சொல்றதைப் பார்த்துக்கிட்டுச் சாவி சுத்திக்கிட்டு நின்னியே!"

சாயங்காலம் வீட்டில் வைத்துத்தான் அடுத்ததைச் சொன்னான். தனியாகச் சொல்ல தைரியம் இல்லாமல் அண்ணியையும் கூட்டிக்கொண்டு அவள் அறைக்கு வந்தான். அண்ணி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

"நான்தான் குடுத்தேன்னு சொன்னா கூடத்தை மூட வேண்டியதுதான் பாப்பா. அத்தனை பேரு பொழைப்பும் போச்சு. ஊழியர் ஒருத்தர் தெரியாம பண்ணிட்டார்னா கம்பெனி நிக்கும்."

"எந்த ஊழியர்?"

அவன் அண்ணியைப் பார்த்தான். "ஒரு பேருதானே பாப்பா" என்றாள் அண்ணி மெல்ல. "வீட்டுல உன்னை யாரு என்ன சொல்லப்போறா? நீ எழுதுறதை எழுதிக்கிட்டே இருக்கலாம், வேற யாரு பேரையாவது போட்டுக்கலாம்."

ஒரு பேருதானே! பாப்பாவிடம் அந்த ஒன்றைத் தவிர என்ன இருக்கிறது என்று அண்ணிக்குத் தெரியாதா? வீடு அண்ணனுடையது, கூடம் அண்ணனுடையது, சாப்பிடுகிற தட்டுகூட அண்ணன் வீட்டுத் தட்டு. அவள் செருப்புத் தேய நடந்து சம்பாதித்தது அந்தப் பெயரை மட்டும்தான். "யோசிக்கணும், போங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல், சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதாள்.

அழுது முடித்தபோது வேறொன்று ஞாபகம் வந்தது. கல்யாணம் அவளுக்கு ஒத்துவராமல், ஒரு பெட்டியோடு ஆட்டோவில் வந்து இந்த வீட்டு வாசலில் இறங்கிய நாள். அண்ணன்தான் கதவைத் திறந்தான். ஏன் வந்தாய், என்ன ஆச்சு, எப்போது திரும்பிப் போவாய், ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு, "பாப்பா வந்திருக்கா, தட்டு எடுத்து வை" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். இன்றுவரை கேட்டதில்லை. அப்படிப்பட்டவன் புத்தி கெட்டுப்போய் ஒன்றைச் செய்துவிட்டான். செய்துவிட்டு இப்போது பயந்து நடுங்குகிறான். என்ன செய்வது? கூடப் பிறந்துவிட்டானே.

கதவைத் திறந்து அவனைக் கூப்பிட்டாள். "சரி அண்ணா. நான் ஏத்துக்கறேன். ஆனா நாளைக்கு நானே சொல்லுவேன். என் வாயால, என் வார்த்தையில. நீ நடுவுல எதுவும் பேசக் கூடாது." அண்ணன் அவள் ரெண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதான். கை நனைந்துபோயிற்று. பாப்பாவுக்கு அவன்மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே கரைந்துவிட்டது என்று சொன்னால் நம்புவீர்களா? கரைந்துவிட்டது. அவள் அப்படிப்பட்டவள்.

மறுநாள் விசாரணை அறையில் அதிகாரி ஒரு பக்கம், இவர்கள் ரெண்டு பேரும் எதிர்ப்பக்கம். பாப்பா வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேடம், நான் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள்.

"நீங்க மறுபடி சொல்லிக் கஷ்டப்பட வேணாம்மா" என்றார் அதிகாரி கனிவாக. "உங்க கடிதம் திங்கக்கிழமையே வந்துடுச்சு. படிச்சேன். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்தது."

"எந்தக் கடிதம்?"

அதிகாரி ஒரு தாளை நகர்த்தி வைத்தார். சலவைக்கூடத்து மெயிலிலிருந்து போனது. கீழே அவள் பெயர், முழுப் பெயர்.

'தவறு நடந்தது. அது என் கையால் நடந்தது. பழைய டெண்டர்களை ஒரு கருவிக்குக் கொடுத்தேன். வேலை சீக்கிரம் முடியும் என்று நினைத்தேன். முதலாளிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தடுத்திருப்பார். அவர் என் அண்ணன். போக்கிடம் இல்லாமல் வந்தவளுக்கு இடம் கொடுத்தவர். அவருக்கு நான் செய்த துரோகம் இது. தண்டனையை நான் ஏற்கிறேன்.'

பாப்பா ஒருமுறை படித்தாள், மறுமுறையும் படித்தாள். அண்ணனுக்கு இப்படி எழுத வராது, ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது. எதைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் அவன் சொல்லியிருக்கிறான். மிச்சத்தை, அவள் எழுதியதையெல்லாம் தின்று வளர்ந்த அந்தக் கருவி பார்த்துக்கொண்டிருக்கிறது. அவள் மாதிரியே சின்னச் சின்ன வாக்கியம். அவள் மாதிரியே எதையும் மறைக்காத தோரணை. அவளே உட்கார்ந்து எழுதியிருந்தால்கூட இவ்வளவு நன்றாக வந்திருக்காது. யாராவது 'இது நீ எழுதியதில்லை' என்று சொன்னால் அவளே சண்டைக்குப் போவாள், அப்படி இருந்தது.

போக்கிடம் இல்லாமல் வந்தவள். இத்தனை வருஷம் வாய் தவறிக்கூட அண்ணன் சொல்லாத வார்த்தை. அதை அவள் பெயரிலேயே எழுத வைத்து, முன்பின் தெரியாதவர்கள் மேஜைக்கு அனுப்பிவிட்டிருக்கிறான்.

திங்கக்கிழமை. அவள் அவன் முன்னால் லேப்டாப்பைக் கொண்டுபோய் வைத்தது வியாழக்கிழமை. அவன் அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதது வியாழக்கிழமை. அப்படியென்றால் அழுதபோதே கடிதம் போய்ச் சேர்ந்திருந்தது. கேட்பதற்கு முன்னாலேயே அவள் பெயரை எடுத்துக்கொண்டுவிட்டான். ஒப்புக்குத்தான் கேட்டிருக்கிறான்.

"இது நீங்க எழுதினதுதானே? ஆமான்னு சொன்னா முடிச்சிடலாம்" என்றார் அதிகாரி.

பாப்பா அண்ணனைப் பார்த்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல மேடம். நான் எழுதலை."

அண்ணன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். "பாப்பா! நேத்து சரின்னு சொன்னியே!"

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அப்போதும் குரலை உயர்த்தவில்லை. "நேத்து எதுக்குச் சரின்னு சொன்னாங்க சார்? கடிதம்தான் திங்கக்கிழமையே வந்துடுச்சே."

அண்ணன் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தான்.

அதற்குமேல் பாப்பா எதையும் மறைக்கவில்லை. டைக்காரரைச் சொன்னாள். கடவுச்சொல்லைச் சொன்னாள். கருவி எழுதிக் காட்டிய பத்தியைச் சொன்னாள். இஸ்திரிக்காரரைத் தான் கேட்ட கேள்வியையும் சேர்த்தே சொன்னாள். நேற்று ஏற்றுக்கொள்கிறேன் என்று சொன்னதையும் விடவில்லை. கூடத்தில் இருப்பவர்கள் முகம் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்து நின்றது, ஆனாலும் நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார்.

வெளியே படிக்கட்டில் அவன் மூச்சிரைக்க ஓடி வந்து அவளை மறித்தான். முகமெல்லாம் வியர்வை. "எல்லாம் போச்சு. எல்லாத்தையும் தொலைச்சிட்ட. ஒரு வார்த்தை பாப்பா, ஆமான்னு ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தானே வந்த?"

"சொல்லத்தான் வந்தேன்" என்றாள் பாப்பா. "அந்த ஒரு வார்த்தையையாவது நான் சொல்றதுக்குன்னு விட்டு வச்சிருந்தா, உனக்காகச் சொல்லியிருப்பேன் அண்ணா."

அவன் வழியை விட்டான். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.